கூட வந்தவள்

கடலூரில் எங்களைத் தெரியாத மருந்துக்கடை இல்லை.
அதுதான் சிக்கல்.
முதுநகர் கடைக்காரர் மோனிஷாவின் மாமாவிடம் சீட்டு கட்டுகிறார்.
மஞ்சக்குப்பம் கடையில் நிற்பவள் என் அக்காவோடு படித்தவள்.
பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதும் சன்னலில்
எங்கள் தெருவின் பாதிச் சித்திகள் நிற்பார்கள்,
பிரஷர் மாத்திரைக்கு.

ஆகவே புதுச்சேரி.
திருப்பாதிரிப்புலியூரில் ஏறினோம்.
"எங்கம்மா போறீங்க?"
கண்டக்டர் கேட்டது ஊரைத்தான்.
"ஃப்ரெண்டு வீட்டுக்கு" என்றாள் மோனிஷா.

முள்ளோடை வந்தது.
எல்லை தாண்டியதும் வரிசையாய்ச் சாராயக்கடைகள்,
பகலிலேயே விளக்கெரிய.
அங்கே ஒருவரும் முகத்தை மூடவில்லை.
நாங்கள் துப்பட்டாவைக் கண்வரை ஏற்றிக்கொண்டோம்.
வெயிலுக்கு என்று சொல்ல
நல்லவேளை, வெயில் இருந்தது.

கண் பிரிவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் நடுவில் அந்த அறை.
பலகையில் 'வளரிளம்' வரைதான் படிக்க முடிந்தது,
மீதியை மறைத்து ஒரு ஸ்ட்ரெச்சர் சாத்தியிருந்தது.
பெஞ்சில் இருந்த நாலு பேரும்
எதிர்ச்சுவரின் டெங்குக் கொசுவை
மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.
ஒரு பையன் பக்கத்துப் பையனிடம்,
"நீ கேளுடா."
"எனக்கா பிரச்சனை? நீ கேளு."

உள்ளே செவிலியர் பெர்னதெத்
கதவைச் சாத்தி, மின்விசிறியைக் கூட்டினார்.
பேச்சு வெளியே போகாமலிருக்க
அந்த அறையில் இருந்த ஒரே ஏற்பாடு அது.
"யாருக்கு?"
மோனிஷா என்னைப் பார்த்தாள்.
நான் மோனிஷாவைப் பார்த்தேன்.
"ஒரு ஃப்ரெண்டுக்கு" என்றோம் ஒரே குரலில்,
பள்ளியில் உறுதிமொழி எடுப்பதுபோல.
அவர் சிரிக்கவில்லை.
"சரி, அந்த ஃப்ரெண்டுக்குக் கடைசியா எப்போ பீரியட்ஸ்?"
மோனிஷா சொன்னாள்:
தேதி, கிழமை, அன்று பெய்த மழை.
அதற்குப் பிறகு அந்த ஃப்ரெண்டு
அறையில் இல்லை.

ஒரு சிறு கோப்பை. ஒரு பட்டை. பத்து நிமிடம்.
ஒரே ஒரு கோடு.
மூன்று வாரமாய் அவள் தின்னாத சோறெல்லாம்
அந்த இடத்திலேயே பசியாய் வந்தது அவளுக்கு.

பெர்னதெத் இழுப்பறையைத் திறந்தார்.
மாத்திரை அட்டை, ஆணுறை, காப்பர் டி,
சந்தையில் கத்தரிக்காயைக் கூறு வைப்பதுபோல்
மேசையில் வைத்து
எது எதைத் தடுக்கும், எது தடுக்காது,
ஒரு நாள் மறந்தால் என்ன செய்வது என்றார்.
"எதுவும் வேணாம்னு முடிவு பண்ணாலும்
அதைப் பேசவும் இங்க வரலாம்."
பத்தாம் வகுப்பு அறிவியலில் இருந்ததுதான் எல்லாம்.
"வீட்ல படிச்சுக்கோங்க" என்று டீச்சர் புரட்டிய பக்கங்கள்.
வீட்டில் எங்கே படிப்பது?
ஹாலில் டிவி. அறையில் அண்ணன்.
மாடியில் தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி அடுத்த வீட்டுக் கண்கள்.

எழுந்தோம்.
"நீங்க?" என்றார் என்னிடம்.
"நான் கூட வந்தவ."
"கூட வந்தவங்களுக்கும் நாற்காலி உண்டு."

எட்டு மாதமாய் அரிப்பு.
வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், யூடியூப்,
வெள்ளிதோறும் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு.
காரணமும் நானே வைத்திருந்தேன்:
கடலில் குளித்தது, சிப்காட் தண்ணீர்,
ஏதோ ஒருநாள் ஏதோ நினைத்தது.
நான் யாரையும் தொட்டதில்லை.
அதனாலேயே யாரிடமும் சொல்ல முடியவில்லை,
சொன்னதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பெர்னதெத் அதைக் கேட்கவில்லை.
"மோனிஷா, கொஞ்சம் வெளியில இரேன்."
அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்,
கொசுவைப் பார்த்தபடி,
இப்போது அவள் கூட வந்தவள்.

வெறும் பூஞ்சையாம்.
ஏழு நாள் மாத்திரை, ஒரு களிம்பு.
எட்டு மாதத்துக்கு ஏழு நாள்.

திரும்பும்போது கிருமாம்பாக்கத்தில் பஸ் நின்றது.
அருகில் உரசாமல் நின்றது கடலூரிலிருந்து வரும் பஸ்.
சன்னலில் இரண்டு பெண்கள்,
துப்பட்டா கண்வரை,
ஒருத்தி மடியில் சுருட்டிய ஓ.பி. சீட்டு.
கடலூரில் அவர்களை யாருக்கும் தெரியாதல்லவா.
கையைத் தூக்குவதற்குள் பஸ் நகர்ந்தது.
"யாருடி அது?" என்றாள் மோனிஷா,
மூன்றாவது சமோசாவை வாயில் வைத்தபடி.