கோபுரத்தடியில் புல் வெட்டுகிறவன்

ஸ்டேஷனுக்குள் நான் மூன்று முறைதான் போயிருக்கிறேன்.
இரண்டு முறை காசோலை வாங்க,
ஒரு முறை குளவி கொட்டிய கைக்கு ஐஸ் கேட்டு.
மற்றபடி என் வேலை வெளியே.
நெப்ராஸ்காவில், சோளத்துக்கு நடுவே நாலு ஏக்கர்,
நூற்றெழுபது அடி இரும்புக் கோபுரம்,
அதன் காலடியில் வளரும் புல்.

மண்ணுக்கடியில் நூற்றிருபது செம்புக் கம்பிகள்
குழந்தை வரைந்த சூரியன்போல் விரிந்து கிடக்கின்றன.
"ஆழமாக ஓட்டாதே, அறுந்துவிடும்"
என்றார் எஞ்சினியர் ஹாலோரன், முதல் நாளே.
அவர் சொல்லாமல் விட்டது ஒன்று:
மழைக்கு மறுநாள்
வேலியின் மூன்றாவது கம்பம் பாடும்.
கொஞ்சம் துரு, கொஞ்சம் ஈரம்,
கம்பிக்கு வாய் முளைத்துவிடும்.
பயிரை மேயத் தெரியாத வேலி
அலையை மேய்ந்தது.

எழுபத்திரண்டில் போல்கா.
அக்கார்டியனை ஊசிக்காதில் கோத்து இழுத்த மாதிரி
மெலிந்த சத்தம்.
நடுநடுவே பன்றி விலை.
பகல் பன்னிரண்டே காலுக்கு
விளாஸ்டா ஹ்ரூஷ்கா இறந்தவர்கள் பெயர் வாசிப்பாள்.
செக் பெயர்களை ஒரு மெய்யெழுத்தும் உதிராமல்
அவளால்தான் சொல்ல முடியும்.
எங்களை விட்டுப் போய்ப் பதினோரு வருடமான
அப்பாவின் பெயரை
நான் அந்தக் கம்பத்தில்தான் கேட்டேன்.
அன்று புல் பாதியோடு நின்றது.

பிறகு ஒமாஹாவிலிருந்து ஒருவர் வந்து வாங்கினார்.
பலகைக்குப் புதுப் பெயிண்ட்,
போல்காவை இறக்கிவிட்டுக் கௌபாய்களை ஏற்றினார்கள்.
ஆறு வருடம் வேலி
பிரிந்துபோன மனைவிகளைப் பற்றியே முனகியது.
அப்புறம் ராக்.
இரவில் "சூறாவளி" என்றொருவன் உறுமுவான்.
பகலில் அவன் டுவேன் ஸ்டாபெல்மன்,
தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவன்.
நிஜச் சூறாவளி வந்த ராத்திரி
பாட்டை நிறுத்திவிட்டு, உறுமலை மறந்துவிட்டு,
தன் சொந்தக் குரலில்
விடியும்வரை தெருத்தெருவாகப் பெயர் சொன்னான்:
இந்தத் தெரு நிற்கிறது, இந்தத் தெரு இல்லை.
அவன் தெருவும் அதில் வந்தது.
இரண்டில் எது என்று சொல்லாமல் கடந்துவிட்டான்.

பத்து வருடம் கழித்து
அதே இசைத்தட்டுகள், அதே கீறல்கள்,
பெயர் மட்டும் "தங்கப் பழசு".
எனக்குச் சம்பளம் ஏறவில்லை.
புல் எந்த இசைக்கும் ஒரே வேகத்தில்தான் வளர்கிறது.

இரண்டாயிரத்து நாலில் ஆட்களை அனுப்பிவிட்டு
வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து பாட்டு இறக்கினார்கள்.
இங்கே ஆலங்கட்டி கொட்டும்போது
"என்ன அருமையான வெயில்!" என்று
டென்வரில் யாரோ சிரித்தார்கள்.
ஓர் அக்டோபரில் ஒரே பாட்டு சிக்கிக்கொண்டு
முப்பத்தொரு மணி நேரம் ஓடியது.
ஊரில் ஒருவர்கூடப் போன் செய்யவில்லை.
போய்க் கதவைத் தட்டினேன். பூட்டு.
ஜன்னல் வழியே பார்த்தால்
ஒரு கம்ப்யூட்டர்,
அதற்குக் காற்று வீசும் ஒரு மின்விசிறி.
(இதை உள்ளே போன கணக்கில் சேர்க்கவில்லை.)

போன வருடம் இறைச்சி ஆலைக்காரர்கள் சிலர் சேர்ந்து
ஸ்டேஷனை வாங்கினார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.
மே மாதம், மழைக்கு மறுநாள்,
மூன்றாவது கம்பத்தில் அக்கார்டியன்.
அதே ஊம்-பா, அதே துள்ளல்.
பழைய நாடா எதையோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.
பாடகன் வாய் திறந்தான்.
ஸ்பானிஷ்.

பன்னிரண்டே காலுக்குப் பாட்டு நின்றது.
ஒரு பெண் குரல் பெயர்கள் வாசித்தது,
நிதானமாக, ஒவ்வொன்றாக,
எழுத்து எதுவும் உதிராமல்.
மெஷினை அணைத்தேன். தொப்பியைக் கழற்றினேன்.
ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன்.

கோடை முழுக்க அப்படித்தான்.
ஆகஸ்டில் கோபுர விளக்கு மாற்ற வந்த பார்ராகான்
என்னைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினான்.
"தொப்பி எதற்கு? யெசேனியா வாசிப்பது
இன்றைக்குப் பிறந்தநாள் உள்ளவர்கள் பெயர்" என்றான்.

தொப்பியைப் போட்டுக்கொண்டேன்.
மெஷினை மட்டும்
இன்னும் அந்த நேரத்துக்கு அணைக்கிறேன்.