இரட்டைக்கிளவி

ரீகாவில் ஒன்பது மாடிக் கட்டடம், ஆறாவது மாடி.
துணி அலமாரிக்குள்
மழைக்கோட்டு, கம்பளிக்கோட்டு, கிர்ட்ஸின் துறைமுகச் சீருடை,
இவற்றுக்கு நடுவே ஒரு மைக்,
மைக்குக்கு முன்னால் விஸ்மா.
கதவைச் சாத்தினால் முழங்கை மடக்க இடமில்லை.

பகலில் டிராலிபஸ் ஓட்டுகிறாள், தடம் பதினேழு.
நிறுத்தங்களின் பெயரை அவள் சொல்வதில்லை.
பதிவுசெய்த குரலொன்று சொல்லிக்கொள்ளும்;
ஜலதோஷமே பிடிக்காத யாரோ ஒருத்தியின் குரல்.

பாட்டு முடிந்திருந்தது. குரல்தான் மெலிசு.
முதலில் சோம்பேறி வழி:
பாடியதை நகலெடுத்து அடியிலேயே ஒட்டினாள்.
சத்தம் கூடியது.
ஆள் கூடவில்லை.
நகலைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.
மாடிப்படியில் நின்று யாரோ பழிப்புக் காட்டியதுபோல் இருந்தது.

சரி, மறுபடி பாடத்தான் வேண்டும்.
காதில் நேற்றைய விஸ்மா ஓட, வாயில் இன்றைய விஸ்மா.
பனியில் பதிந்த சொந்தத் தடத்தில்
அதே பூட்ஸைத் திரும்ப வைக்கிற வேலை.
பொருந்திவிடும் என்றுதான் தோன்றும்.

நேற்று எங்கே மூச்சு வாங்கினாள்?
மூன்றாம் வரியின் நுனியை ஏன் விழுங்கினாள்,
என்ன அவசரம் அந்தப் பொம்பளைக்கு?
'ட்' வந்த இடமெல்லாம்
ஒரே கதவை இரண்டு பேர் தட்டினார்கள்.
பதினான்காம் முறைதான் பிடிபட்டது:
மெய்யை முன்னவளுக்கே விட்டுவிட்டு
உயிரை மட்டும் நீட்டிப் பாடினாள்.
நன்றாக வந்தது.
லிஃப்ட் வந்து கெடுத்தது.

புதன்கிழமை மேல்வரிசைக் கோரைப்பல்லைப் பிடுங்கினார்கள்.
வீக்கம் வடிந்த சனிக்கிழமை
மீண்டும் அலமாரிக்குள் போனாள்.
ஸகரம் வரும்போதெல்லாம் ஓட்டை வழியே காற்று.
அழிக்கப் போனவள்
எதற்கோ ஒருமுறை இரண்டையும் சேர்த்து ஓடவிட்டாள்.

இடது காதில் பல் உள்ளவள்,
வலது காதில் பல் போனவள்.
இருவருக்கும் நடுவே, மூக்குக்கு நேரே,
மூன்றாவது ஒருத்தி
அகலமாக நின்று பாடிக்கொண்டிருந்தாள்.
அவள் எந்த அலமாரிக்குள்ளும் நின்றதில்லை.

கிர்ட்ஸ் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தான்.
ஒரு பக்கக் காதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு
ரொட்டி மென்றபடி கேட்டான்.
"ரெண்டு குரல்னு சொன்னே, ஒண்ணுதான கேக்குது.
அதுவும் விசிலடிக்குது."
சலசலப்பில் ஒரு 'சல'வைப் பிய்த்து வைத்துக்கொண்டு
அர்த்தம் தேடுகிறவனிடம் என்ன சொல்வது.
"முழுங்கிட்டுப் பேசு" என்றாள்.

திங்கட்கிழமை. சாலையோரம் அழுக்குப் பனி.
"அடுத்த நிறுத்தம்" என்று ஆரம்பித்தது அந்தக் குரல்.
ஸ்டீயரிங்கில் கை இருக்க,
உதடு அதிகம் அசையாமல்,
மெய்யெழுத்தை அதனிடமே விட்டு
கூடவே சொல்லிப் பார்த்தாள்.

முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து
ஒலிபெருக்கியைப் பார்த்தார்.