மிச்சம்

பஸ்ஸின் நெற்றியில் ஓடும் ஊர்ப்பெயரை
தமிழாக வாசித்துச் சிரித்தது முதல் வருடம் மட்டும்தான்.
பதினேழு வருடமாய் மிச்சத்தில் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, நூலகத்தின் பின்னறை.
சப்பாத்தைக் கழற்றி, ஜாக்கெட்டைக் கழற்றி,
தாலிக்கொடியையும் கழற்றலாமா என்று ஒருகணம் யோசித்து
தராசில் ஏறினேன்.
பன்னிரண்டு கிழமைக்கு
ஒரு கிலோ நானூறு கிராம்.

கரெத் ஆறு கிலோ.
எல்லாரும் கைதட்டினோம், நானும்தான்.
மெர்லீன் இரண்டுக்குக் கொஞ்சம் குறைய.
'என் எலும்பு கிங்ஸ்டனில் வார்த்தது,
அசைய நாளெடுக்கும்' என்றாள்.
ஷஃபீக் நோன்பு மாதத்தோடு வருவதில்லை.

சொல்லித்தருகிற பெண் நல்ல பிள்ளை.
பலகையில் எங்களுக்கென்று வேறு கோடு கீறினாள்:
கரெத்துக்கு இருபத்தைந்தில் தொடங்குகிற ஆபத்து
எனக்கும் மெர்லீனுக்கும் இருபத்துமூன்றிலேயே தொடங்குமாம்.
கோடு மட்டும் முந்தி வந்துவிட்டது.
தட்டின் படத்தில் இன்னும் அவித்த உருளைக்கிழங்கு.
ஒரு நீத்துப்பெட்டி புட்டு எத்தனை கலோரி என்று கேட்டேன்.
எழுதிக்கொண்டாள், அடுத்த கிழமை சொல்வதாக.
அடுத்த கிழமை
நடப்பதைப் பற்றிய பாடம்.

நடக்கிறேன் பிள்ளை.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
முதியோர் இல்லத்தில் இரண்டு மாடி, பதினெட்டுக் கட்டில்.
அது கணக்கில் வராதாம், மூச்சு வாங்கவேண்டுமாம்.
பசியா நித்திரையா என்று உடம்புக்கே தெரியாத ஆறரை மணிக்கு
ராத்திரிச் சோறு
எனக்காக மூடியிருக்கும்.

கரெத்துக்கு ஓய்வூதியம், ஒரு துண்டுத் தோட்டம்,
கிழங்கை நிறுத்துப் போடுகிற மனைவி.
பாடுபட்டுத்தான் இளைத்தார், பொய் சொல்லக்கூடாது.
இடுப்புப் பட்டியில் ஆணியால் குத்திய புதுத் துளையைக் காட்டும்போது
முகம் சிவந்துபோனார்.

அறிக்கையில் எங்களை நிரையாக எழுதுவார்கள்:
வெள்ளையர் இவ்வளவு, கறுப்பர் இவ்வளவு, ஆசியர் இவ்வளவு.
அந்தக் கடைசிக் கட்டத்துக்குள்
நானும், ஷஃபீக்கும்,
அவன் வராத செவ்வாய்க்கிழமைகளும்.

நேற்று இரத்தச் சோதனைக் கடிதம்.
நாற்பத்தைந்து, நாற்பத்துமூன்றாகியிருக்கிறது.
நாற்பத்தொன்றுக்கு இறங்கினால்தான் விடுவார்கள்.
ஆனாலும் தராசு பார்க்காத எதையோ
இரத்தம் பார்த்திருக்கிறது.
வீட்டில் சொல்லமுதல் மெர்லீனுக்குத்தான் போன் எடுத்தேன்.
'ஒரு தரிப்பு முந்தி இறங்கி நில்,' என்றாள்,
'நடந்து வருகிறேன்.
இரண்டு பேருமாய் மூச்சு வாங்குவோம்.'

மழை பிடித்துக்கொண்டது.
ஒரு குடை, இரண்டு பெரிய பொம்பிளைகள்,
மேடான பக்கம்.
எங்களைத் தாண்டிப் போகிறது பஸ்
நெற்றியில் மிச்சம் என்று
எழுதிக்கொண்டு.