தொண்ணூற்றொன்பது

வியாழன் மாலைக் கருத்தரங்கில்
என் வேலை அட்டை காட்டுவது.
மஞ்சள் என்றால் இன்னும் ஐந்து நிமிடம்,
சிவப்பு என்றால் வாயை மூடு.
புள்ளியியல் வாத்தியாருக்கு
இதைவிடப் பொருத்தமாக எதைக் கொடுப்பார்கள்?

கிளைபேடாவில் நவம்பர்.
துறைமுகத்துக் கிரேன்கள்
நாலு மணிக்கே விளக்கேற்றிவிட்டன.
இருநூற்றுப் பதினாலாம் அறையில் வெப்பக்குழாய்
உள்ளே யாரோ மாட்டிக்கொண்டதுபோல்
தட்டிக்கொண்டே இருக்கிறது.
நாற்பது நாற்காலி, பதினோரு பேர்,
அதில் மூவர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள்.
குறை சொல்லவில்லை, நல்ல பிஸ்கட்.

பேசுகிறவள் ஸ்கிர்மாந்தே.
தலைப்பு: அண்டை வீட்டுச் சாவிகள்.
ஓர் ஐந்துமாடிக் கட்டடம், அறுபது வீடு,
அதில் இருபத்துமூன்று காலி.
நார்வேக்கும் அயர்லாந்துக்கும் போனவர்கள்
சாவியை யாரிடம் விட்டுப் போனார்கள்?
ஆள் இருக்கும் கதவையெல்லாம்
தட்டிக் கேட்டிருக்கிறாள்.

திரையில் ஒரு வலை.
புள்ளி என்றால் வீடு, கோடு என்றால் சாவி.
இரண்டாம் மாடியில் ஒரு கிரேன் ஓட்டுநர்,
அவரிடம் மட்டும் ஒன்பது,
ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல்.
ஞாயிறுதோறும் ஒன்பது வீட்டுக் குழாயையும்
ஒரு நிமிடம் திறந்துவிட்டு மூடுவாராம்.
"தண்ணீர் வந்த வழியை மறந்துவிடும், அம்மா."

பேராசிரியர் கேஸ்துதிஸ் தொண்டையைச் செருமினார்:
"கேள்வியில்லை, ஒரு கருத்து."
கருத்து ஏழு நிமிடம் நடந்தது.
கருத்துக்குக் காட்ட என்னிடம் அட்டை கிடையாது.
கடைசியில் அதிலிருந்து
ஒரு கேள்வி தவறி விழுந்தது:
"அறுபது வீட்டை வைத்துக்கொண்டு
நாட்டைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?"

"நாட்டைப் பற்றிச் சொல்லவில்லையே," என்றாள்.
"சாவியைப் பற்றித்தான்."

அடுத்த படம், அட்டவணை.
முப்பத்துநான்கு கதவு திறந்தது.
இரண்டு, திறந்து மறுத்தது.
ஒன்று மட்டும்
மூன்று முறை போனேன் என்கிறாள்.
கதவிடுக்கில் வெளிச்சம் இருந்தது.
கெட்டில் கூவியது. அவசரமாக அடங்கியது.
யாரும் வரவில்லை.
வீட்டு எண்ணைச் சொல்லவில்லை,
சொல்லக்கூடாதென்று படிவத்தில்
கையெழுத்திட்டிருக்கிறாள்.
அந்தக் கட்டத்தில் 99.

பதில் இல்லாத இடத்தில் சுழியம் போடாதே,
சுழியமும் ஒரு பதில்;
தொண்ணூற்றொன்பது போடு.
துறையின் கையேடு, பன்னிரண்டாம் பக்கம்.
எழுதியவன் நான்.

கெட்டிலை அணைத்தவனும் நான்.

அப்போது என் மேசையில்
மேல்வீட்டு லீனாஸின் சாவி கிடந்தது.
ஸ்தவாங்கருக்குக் கப்பல் பற்றவைக்கப் போனவன்
கேட்டதெல்லாம் ஒன்றுதான்:
பத்து நாளைக்கொருமுறை
தொட்டி எலுமிச்சைக்கு ஒரு குவளைத் தண்ணீர்.
முதல் மாதம் போனேன்.
பிறகு விடைத்தாள், பிறகு முதுகுவலி,
பிறகு, போகாமல் இருந்துவிட்டோமே என்பதாலேயே
போகாமல் இருந்தேன்.
செத்த செடிக்கு
எந்தக் கட்டத்தில் குறி போடுவது?

வலையின் ஓரத்தில்
கோடே இல்லாமல் ஒரு புள்ளி தொங்குகிறது.
"அது யார் வீடு?" என்கிறான்
பிஸ்கட்டுக்காக வந்தவர்களில் ஒருவன்.
"தெரியாது. சாவி எங்கோ இருக்கும்."

நேரம் முடிந்துவிட்டது.
சிவப்பை எடுக்கப் போன கை
மஞ்சளை எடுத்தது.
தலைமை வகித்தவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

வாசல் மணிப் பலகையில் என் பெயர் உண்டு.
அவள் படிக்கத் தெரிந்தவள்.

"நாலாவது முறை போவீங்களா?" அந்தப் பையன் விடுவதாயில்லை.

"சனிக்கிழமை, பதினோரு மணிக்கு," என்றாள்,
கடைசி வரிசையிலிருந்த என்னைப் பார்த்து அல்ல,
என் தலைக்கு மேலிருந்த
கடிகாரத்தைப் பார்த்து.