கண்ணாடித் துண்டு, எண் ஒன்பது

சொலோலாக்கி மேட்டில் இன்று எனக்கு ஆறு வீடுகள்.
பதினேழாம் எண் கடைசி.
மடக்கு ஏணி, டார்ச், பூதக்கண்ணாடி,
யாரும் சிரித்துக் கதவு திறக்காத உத்தியோகம்:
திபிலீசி நகராட்சியில் விரிசல் பார்க்கிறவள்.

வேலை எளிது.
விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு,
இரு முனையிலும் ஜிப்சம் சாந்து,
ஈரம் காயுமுன் ஆணியால் தேதி.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
உடைந்தால் நான் எழுதவேண்டும்.
எழுதினால் மஞ்சள் நோட்டீஸ் வரும்,
நோட்டீஸின் பின்னால் லாரி.

எதிர்வீடு ஏற்கெனவே ஓட்டலாகிவிட்டது.
பக்கத்து வீடு போனது போன பங்குனிக் காற்றில்;
மூன்றாம் மாடி இருந்த உயரத்தில்
யாரோ மாட்டிய கோட்டுக்கொக்கி மட்டும்
ஆகாயத்தில் நிற்கிறது.

பதினேழைத் தாங்கி நிற்பவை ஐந்து இரும்பு முட்டுகள்.
சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
இங்கே தலைகீழ்.
மாடிப்படிச் சுவரில் தீட்டிய கடல், படகுகள், மாதுளைகள்,
இவற்றைக் கீழே போட வெட்கப்பட்டுத்தான்
சுவர் நிற்கிறது.

வாசல் தரையில் பொடிக்கற்களால்
'வருக' என்று லத்தீனில் பதித்துவைத்தவர்
புகையிலை வணிகர் தெர்-கசாரோவ்.
இரண்டு எழுத்து பெயர்ந்துபோக
வீடு இப்போது பாதி வாயால் கூப்பிடுகிறது.

கூடத்துக் கூரையில் சுதைத் தேவதை ஒன்று.
கூடத்தைப் பதினொரு குடும்பத்துக்குப் பங்கிட்ட வருடம்
பலகைத் தடுப்பு நேராக அதன் இடுப்பில் இறங்கியது.
தலையும் ஊதுகொம்பும் நுக்ரியின் சமையலறையில்,
எண்ணெய்ப் புகை ஏறித் தேன்நிறத்தில்.
கால்கள் ஜுஜுனாவின் கட்டிலுக்கு மேலே,
இன்னும் வெள்ளையாக.
இரண்டு பேரும் பேசிக்கொண்டு ஒன்பது வருடம்.
முற்றத்துக் குழாய் விவகாரம்.
யார் பக்கமும் நியாயம் கேட்டுவிடாதீர்கள்,
இருட்டிவிடும்.

கீழறை அடுப்பிலிருந்து படகு ரொட்டியின் வாசம்,
சரிவுக்குக் கீழே குளியல் வீடுகளின் கந்தக வாடை.
கப்பிக் கயிற்றில் ஒரு போர்வை
பால்கனி விட்டுப் பால்கனி போய்க்கொண்டிருந்தது.
எட்டுத் துண்டுகள் பார்த்தேன். எட்டும் முழுசு.
ஒன்பதாவது மாடிப்படிக்கு அடியில்.
அதுவும் முழுசு.
தேதி 17.3.
என் கையெழுத்துத்தான்.

ஆனால் நான் ஏழு எழுதினால்
நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவேன்.
இந்த ஏழுக்கு அது இல்லை.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
அலுவலகக் கண்ணாடி இத்தனை மெலிசு இல்லை.
அலுவலகச் சாந்து வெள்ளை;
இதில் லேசாக ரோஜா நிறம்,
பல்செட் அச்செடுக்கும் மாவின் நிறம்.
நுக்ரி நாற்பது வருடமாகப் பல்செட் செய்கிறார்.

மேலே ஜுஜுனா காபி கொடுத்தாள்,
இத்தனை வருகையில் முதல் தடவை.
பச்சை அக்ரூட் ஜாம் ஒரு கிண்ணி.
சுவரில் அவள் கணவன், ரயில்வே சீருடையில்,
சட்டம் இருக்கிறது,
கண்ணாடி இல்லை.
தூசி படிந்த அவன் மீசையை
அவள் முந்திக்கொண்டு துடைத்தாள்.
தடுப்புக்கு அந்தப் பக்கம்
ஒரு நாற்காலி கிறீச்சிட்டு
அப்படியே மூச்சைப் பிடித்தது.

நான் ஜாமைப் புகழ்ந்தேன்.

திரும்ப இறங்கி ஏணியை விரித்தேன்.
விரிசலில் இரண்டு லாரி நாணயம் ஒன்றை நுழைத்தேன்,
விளிம்பு உரசாமல் போனது.
பையைத் துழாவி ஆணியை எடுத்தேன்.
ஏழின் நடுவே
ஒரு கோடு.
ஏட்டில்: ஒன்பது, உடையவில்லை.
பொய் இல்லை. உடையவில்லைதான்.

அதற்கு இன்றோடு பதினோரு இரவு.
என் குடியிருப்புக்கு அடியில் மெட்ரோ கடக்கும்போதெல்லாம்
மேசைமேல் தம்ளரில்
தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது.
முன்பும் நடுங்கியிருக்கும்.
இப்போது எழுந்து உட்கார்ந்து
அது அடங்கும்வரை பார்க்கிறேன்.