இரண்டு உப்பு

கோழி வாங்கியது சமாதானத்துக்கு அல்ல,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
கிபுயே சந்தையில் கால் கட்டிப் போட்ட சேவல் ஒன்று
என்னை முறைத்தது.
வீட்டில் மூன்று நாளாகப் பார்க்கும் அதே முறைப்பு.
விலை பேசாமல் வாங்கி வந்தேன்.

எல்டோரெட்டில் இருக்கும் தம்பிக்குப் பணம் அனுப்பியதை
வங்கிக் குறுஞ்செய்தி சரண்ஜீத்திடம் சொல்லிவிட்டது.
நான் சொல்லவில்லை.
அதிலிருந்து என்னிடம் சொல்லவேண்டியதை எல்லாம்
அவள் ஃப்ரிட்ஜிடம் சொன்னாள்.
"பால் தீர்ந்துவிட்டது."
"குளியலறை விளக்கை யாரோ அணைக்கவில்லை."

நாட்டுக்கோழி. இங்கே கியென்யேஜி.
ஏரிக்கரை முழுக்க ஓடி மேய்ந்து
தொடை இறுகிய பிறவி.
கத்தி எலும்பைத் தட்டும்வரை மூன்று கீறல்,
கீறலுக்குள் விரல் விட்டு எலுமிச்சை, மிளகாய்த்தூள்,
இஞ்சி, பூண்டு,
உப்பு.
ஆமாம், போட்டேன். நினைவிருக்கிறது.
துணியில் கட்டி நீர் வடித்த தயிரில்
கடுகெண்ணெய், வறுத்த கடலைமாவு.
கசூரி மேத்தியை உள்ளங்கையில் நொறுக்கியபோது
வாசல்வரை வந்தாள், தும்மினாள், போனாள்.
தும்மியவரை வாழ்த்த வேண்டும்.
வாய் திறந்தது,
அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அன்று இரவு கரண்ட் போனது.
கிசுமு முழுக்க இருட்டு.
சமையலறையில் ஏதோ மூடி உருண்டதைக்
கட்டிலில் கிடந்தபடி கேட்டேன்.
பூனை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு. பின்கட்டில் ஜிக்கோ அடுப்பு,
மேலே கம்பி வலை,
கூரையில் இரண்டு மராபு நாரைகள்
கடன் கேட்க வந்த உறவினர் போல
கழுத்தை உள்ளிழுத்துக் காத்திருந்தன.
கொழுப்பு சொட்டச் சொட்டக் கரி சீறியது.
புரட்ட ஒரு கை வேண்டும், வெண்ணெய் தடவ ஒரு கை,
விசிற ஒரு கை.
எனக்கு இரண்டுதான்.
அவள் வந்தாள். கையில் ஒன்பதாம் வகுப்பு
அல்ஜீப்ரா நோட்டு.
யாருடையதோ, பாவம்,
விசிறி விசிறி அட்டை கருத்தது.
ஒரு வார்த்தை இல்லை.
ஓரம் கருகி, நடு சிவந்து,
தொடையில் கத்தி வைத்தால் தெளிந்த நீர் வந்தது.

முதல் கடி.
"உப்பு" என்றேன்.
"உப்பு" என்றாள், அதே நொடியில்.
"நீயும் போட்டாயா?"
"நீ மறந்திருப்பாய் என்று.
பதினாறு வருடமாக மறப்பவன்தானே."
"இந்த முறை மறக்கவில்லை."
"சொல்லியிருக்கலாம்."
சிறிது நேரம் கரி மட்டும் பேசியது.
பிறகு தண்ணீர் ஜாடியை என் பக்கம் தள்ளினாள்:
"உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்."
கோழியைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.
குடித்தேன். முழு ஜாடி.

காயப்போட்ட துணியெல்லாம் புகை என்று
சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டு அவுமா
ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு
கண்களை மூடிக்கொண்டாள்.
"ஏரியைக் கடலாக்கிவிட்டீர்கள்."
போனவள் திரும்பி வந்தாள்,
தட்டில் ஆவி பறக்கும் உகாலி,
மக்காச்சோள மாவும் தண்ணீரும் மட்டும்,
ஒரு கல் உப்பு கிடையாது.
உருட்டி, கட்டைவிரலால் குழித்து,
கறியை அதில் ஒளித்துத் தின்றோம்.
மூவரும். எலும்பு வரைக்கும்.
நாரைகளுக்குத் தந்தூரி பிடிக்கும் என்பது
அன்று தெரிந்தது.

பணத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை.
அதற்கும் மேலாகத் தடவினால் போதாது,
ஆழமாகக் கீறவேண்டும்.

இரவு மிச்சத்தை உள்ளே வைத்துவிட்டு
ஃப்ரிட்ஜிடம் சொன்னாள்:
"அடுத்த வாரம் உப்பு நான்தான் போடுவேன்."
கதவு மூடும் முன்
"சரி" என்றது ஃப்ரிட்ஜ்,
கிட்டத்தட்ட என் குரலில்.