பதின்மூன்றாவது புத்தகம்

பவாய் அலுவலகத்தில்
புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு புத்தகப் பட்டியல்.
ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு கட்டம்:
தொடக்கநிலை, அனுபவசாலி.
ஒன்றில்தான் டிக் விழும்.
பன்னிரண்டுக்கு மளமளவென்று அடித்துவிட்டேன்.
பதின்மூன்றாவதில் நிற்கிறது சுட்டி.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில்
ராஜ்பரிடம் நாற்பது ரூபாய்க்கு வாங்கியது.
எழுத்தைப் பார்க்கமாட்டார்,
தாள் ஓரத்தைப் பார்த்து விலை சொல்வார்.
அரை விரல் கனத்துக்கு அழுக்கு,
அதற்கப்புறம் வெள்ளை வெளேர்.
"எல்லாரும் இங்கேயே இறங்கிடறாங்க" என்றார்
ஏதோ தாதர் ஸ்டேஷன் மாதிரி.

அழுக்கு முடிகிற பக்கம் தொண்ணூற்று மூன்று.
பாடத்தின் பெயரும் சுட்டிதான்.
ஓரத்தில் யாரோ பென்சிலில், மராத்தியில்,
ஒரே சொல்: ஏன்?
அதன்கீழ் என் நீல மை,
இருபத்திரண்டு வயதுத் திமிர்:
"இதுகூடவா புரியாது?"

பதினாறு வருடம்
இதே வேலைக்குச் சம்பளம் வாங்கியாயிற்று.
நேற்றிரவு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன்.
முகவரிக்குள் முகவரி,
அதைத் திறந்தால் இன்னொரு முகவரி.
வரி சரிதான். ஓடும். ஓட்டியிருக்கிறேன்,
எத்தனையோ வங்கிகளுக்கு.
ஆனால் ஏன்?

ஷெனாய் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார்,
வெள்ளிக்கிழமை கடைசி.
கட்டம் காலியாக இருந்தால்
படிவம் போகாது, சிவப்பில் கத்தும்.

அனுபவசாலி என்று அடித்தேன்.
எடுத்தேன்.
தொடக்கநிலை.
அதையும் எடுத்தேன்.

பிறகு மகளின் ரப்பரை எடுத்துவந்து
என் நீல வரியைத் தேய்த்தேன், வெகுநேரம்.
தாள்தான் நைந்தது.
பென்சில்காரர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்,
அழியக்கூடியதில்.